கண் போன புயல்

அந்தப் புயலுக்குக் கண் போன நாளிலிருந்து மனுவேற்பிள்ளைக்கு அதன்மேல் ஒருவித இரக்கம் வந்துவிட்டது. ஆபிரிக்காக் கரையை விட்டு அது வெதுவெதுப்பான கடலில் இறங்கிய நேரம் தொட்டு அவர் அதைப் போனில் பார்த்துக்கொண்டு வருகிறார். முதலில் வெறும் முகில் கூட்டம், குழம்பு கொதிக்கையில் ஓரத்தில் ஒதுங்குகிற நுரை மாதிரி. பிறகு அது தன்னைத்தானே சுற்றத் தொடங்கியது, நடுவில் ஊசியால் குத்தினதுபோல ஒரு பொட்டு விழுந்தது, உடனே அதற்கு ஒரு பெண்பிள்ளையின் பெயரை வைத்தார்கள், அந்தப் பெயர் அவருடைய வாயில் நுழையவில்லை. அமெரிக்காப் பக்கம் அது முகம் திருப்பினபோது தொலைக்காட்சிக்காரர்கள் மழைச்சட்டை போட்டுக்கொண்டு கடற்கரைகளில் நின்று கத்தினார்கள். அது கரையேறாமல் வடக்கே வளைந்ததும் எல்லாரும் சட்டையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மனுவேற்பிள்ளை போகவில்லை. குளிர்ந்த தண்ணீருக்கு மேலே வரவர அந்தப் பொட்டு மங்கி, ஒருநாள் காலையில் தூர்ந்த கிணறுபோல மூடிக்கிடந்தது. பெயரையும் எடுத்துவிட்டார்கள். இப்போது அது இன்னாருடைய மிச்சம், அவ்வளவுதான். வலுவிழந்துவிட்டது என்று நேற்றைக்கு இந்த நாட்டு நொஸ்க் மொழிச் செய்தியில் வந்த பெட்டை சிரித்துக்கொண்டு சொன்னாள். அந்தச் சொல் அவருக்குத் தெரியும். நொஸ்கில் அவருக்குத் தெரிந்த சொற்கள் மீன் தொழிற்சாலையில் கத்தியோடு பழகினவை, அல்லது ஆஸ்பத்திரியில் படுத்திருந்து பழகினவை. இது ஆஸ்பத்திரிச் சொல், டொக்டர் அவருடைய நெஞ்சைத் தட்டிப் பார்த்துச் சொன்னது. வலுவிழந்ததென்றால் செத்ததென்று அர்த்தமில்லை. அவர் இன்னும் மாடி ஏறி இறங்கிக்கொண்டுதானே இருக்கிறார். வலுவிழந்த சாமான் பரவும், அதுதான் விஷயம். இறுக்கமாக இருந்தது அவிழும். படத்தைப் பாருங்கள்: பெயரோடு இருந்த காலத்தில் ஒரு கைப்பிடிக்குள் அடங்கினது, பெயர் போன பிறகு ஐஸ்லாந்தில் ஒரு காலும் ரஷ்யாவில் ஒரு காலுமாக நிற்கிறது, ஒரே முகில், ஒரே உயிர், அதற்குக் கீழே எத்தனை நாடு, எத்தனை வீடு, எத்தனை குசினி, அதிலே ஒரு குசினியில் தான் ஒரு கோப்பைத் தேத்தண்ணீரோடு இருப்பதை நினைத்தபோது அவருக்கு மயிர் கூச்செறிந்தது.

மற்றப் பெண்டுகளின் மனுசர்மார் சீட்டு விளையாடுகிறார்கள், தன்னுடைய மனுசன் புயல் மேய்க்கிறார் என்று றெஜினா போனில் ஆருக்கோ சொல்லிச் சிரித்தது அவர் காதில் விழத்தான் செய்தது. விழட்டும். அவர் அதையும் எடுத்து வைத்துக்கொண்டார். எடுத்து வைப்பதில் மனுவேற்பிள்ளையை வெல்ல ஆளில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனுசனுக்கு, ஆர் எந்த இடத்தில் எந்த முகத்தோடு என்ன சொன்னார்கள் என்பது மட்டும் மனப்பாடம். வெளியே நாட்டின் வடகோடியான பின்மார்க்கின் விளிம்பில் ஒட்டிக்கிடக்கிற ஸ்டேன்விக் என்ற இந்த மீன்பிடிக் கிராமம் மத்தியானத்துக்கு முன்னமே மங்கிப்போய்க் கிடந்தது. யன்னலுக்கு நேரே வடக்கு. வடக்கே கடல், கடலுக்கு அப்பால் பனிக்கட்டி, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. பிறந்த ஊர் மயிலிட்டியிலும் கடல் வடக்கேதான். உலகத்தின் பாதியைச் சுற்றி ஓடி வந்தவனுக்குக் கடல் அதே பக்கத்தில் காத்துக்கொண்டு நின்றதை அவர் முதல் வருடமே கவனித்து, ஆரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டார். இன்றைக்குக் கடல் எண்ணெய் ஊற்றினதுபோலக் கிடந்தது. ஐப்பசி மாதத்தில், மலையில் பனி விழுந்து ஒரு கிழமையான பிறகு, கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு, சொட்டு, சொட்டு. றெஜினா கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு வெறும் கையோடு வெங்காயம் அரிந்தாள். இருபத்தெட்டு வருடத்தில் இந்த மாதத்தில் இவள் இப்படி நின்று அவர் கண்டதில்லை. யன்னலைக் கொஞ்சம் திறந்து மூக்கை நீட்டினார். தென்மேற்குக் காற்று. மலைக்குப் பின்னாலிருந்து, தரைக்கு மேலால், கடலை நோக்கி. அதில் சூடு இருந்தது. அடுப்புச் சூடில்லை, ஒரு ஆள் பக்கத்தில் வந்து நிற்கிறபோது வருகிற சூடு. இது ஆபிரிக்காவின் கடல் விட்ட மூச்சு என்று அவர் நினைத்தார். அந்தப் பொட்டுக்குள் சுருட்டி வைத்திருந்ததைக் கண்ணை இழந்து, பெயரை இழந்து, இவ்வளவு தூரம் கொண்டுவந்து, ஆரும் இல்லாத இந்த முனையில் கிடக்கிற பனியில் கொட்டுகிறது. கடவுளே, என்ன வேலை இது. ஆருக்காக.

குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே கடல் றேடியோ கரகரத்துக்கொண்டிருந்தது. பழைய வள்ளம் ஒன்றை உடைத்தபோது வாங்கி வந்து பூட்டினது. வானிலை கேட்கத்தான் என்று றெஜினாவிடம் சொல்லியிருந்தார். றெஜினா தலையாட்டினாள். வானிலை போனில் வருகிறதே என்று அவள் கேட்கவில்லை, கேட்காமல் விட்டதையும் அவர் எடுத்து வைத்திருக்கிறார். உண்மை என்னவென்றால் அந்த றேடியோப் பெட்டியில் கயித்தானுடைய குரல் வரும். தம்பி. உடன்பிறந்த ஒரே தம்பி. ஒரு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் அடுத்த துறைமுகத்தில் இருக்கிறான், பத்து மீற்றர் வள்ளம் வைத்துத் தனியாகத் தூண்டில் போடுகிறான், ஒன்பது வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒன்பது வருடமாக அவனுடைய குரலைக் கேட்காத நாளும் அநேகமாக இல்லை. காலையில் மற்ற வள்ளக்காரரோடு நொஸ்கில் கதைப்பான், மயிலிட்டிப் பேச்சை நொஸ்குக்குள் போட்டு இழுப்பான், அவனுடைய இழுவையைக் கேட்டு இவர் குசினியில் இருந்து ஒவ்வொரு நாளும் மனதுக்குள் திருத்துவார். மீன் பட்டதா, முதுகு நோகிறதா, தடிமன் பிடித்திருக்கிறதா, எல்லாம் அந்தக் கரகரப்பிலேயே தெரிந்துவிடும். பேசுகிற பொத்தானை ஒருநாளும் அமத்தினதில்லை. தரையில் இருக்கிறவன் கேட்கலாம், பேசக்கூடாது, அதற்கு அனுமதிப் பத்திரம் வேணும் என்பது சட்டம். சட்டத்துக்கு மனுவேற்பிள்ளை இந்த ஒரு விஷயத்தில் நல்ல மரியாதை கொடுத்தார்.

கோபம் வள்ளத்தால்தான் வந்தது. வள்ளம் வாங்கினான், நல்லது, வாங்கட்டும், தொழிற்சாலையில் பக்கத்து மேசையில் நின்று மீன் வெட்டினவன் முதலாளியானால் அண்ணனுக்குப் பெருமைதான். சுவாமியாரைக் கூப்பிட்டு வள்ளத்தை ஆசீர்வதிக்கிற நாள் வந்தது. போன் எடுத்தான். போன். 'அண்ணை, ஞாயிற்றுக்கிழமை, அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.' கூடப்பிறந்த மூத்தவனுக்குப் போனிலா சொல்வது? வாசலில் வந்து நின்று, ஒரு தேத்தண்ணீர் குடித்து, வாங்கோ என்று சொல்லிவிட்டுப் போகிறதுக்கு ஒரு மணித்தியாலம் கார் ஓடாதா? பெண்சாதி தெலீசியாவின் சொந்தக்காரருக்கு ஒஸ்லோ வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தவன். அந்த ஞாயிறு மனுவேற்பிள்ளை வெள்ளைச் சேட்டு உடுத்திக்கொண்டு இதே யன்னலில் நின்றார். போகவேண்டும் என்றில்லை. கார் வந்து கூட்டிக்கொண்டு போனால் போகலாம் என்று. வரவில்லை. பிறகு வள்ளத்தின் பெயரைக் கேள்விப்பட்டார். அன்னா. நொஸ்க்காரருக்கு அது தங்களுடைய பெயர், நல்ல பெயர் என்று தோளில் தட்டினார்களாம். மாதாவின் தாய் அர்ச்சியசிட்ட அன்னம்மாளின் பெயர் என்று சுவாமியாருக்குச் சொல்லியிருக்கிறான். மனுவேற்பிள்ளைக்கு மட்டும் தெரியும், அது அவனுடைய மாமியாரின் பெயர். பெத்த தாய் இசபெல்லா செத்துக்கிடக்க, மாமியாரின் பெயரைப் போட்டுக்கொண்டு வடகடலில் ஓடித் திரிகிறான். இதைப் பற்றி அவர் எத்தனையோ தரம் யோசித்துவிட்டார், ஒவ்வொரு தரமும் யோசனை அந்த மாமியாரின் மூக்குக்கண்ணாடி போட்ட முகத்தில் போய் இடறி நின்றுவிடும். சரி, அதை விடு. அதை விட்டாலும் கார் வராததை எப்படி விடுவது.

றேடியோவில் ஸ்வெர்ரே வந்தான். மேற்கே கனதூரத்தில் தொழில் செய்கிற கிழவன், பெரிய வள்ளம், பெரிய குரல். காற்று இங்கே மாறிவிட்டது, கதவை உதைத்துத் திறந்ததுபோல ஒரே அடியாக வடமேற்கு, நான் துறைமுகத்துக்குள் போகிறேன், நீ எப்படி என்று அன்னாவைக் கேட்டான். மனுவேற்பிள்ளை போனைக் கீழே வைத்தார். கயித்தானுடைய குரல் கிட்டத்தில் கேட்டது, தெளிவாக, ஒரு வாய் எதையோ மென்றுகொண்டு. இந்த வருடம் குடாவுக்குள் மீன் இல்லாமல் போய், முதல்தரம் வெளிக்கரைக்கு வந்து போட்டிருக்கிறேன், நல்லாய் இருக்கிறது, ஒரு அலையில்லை, மலையடியோடு ஒட்டிக்கிடக்கிறேன், கொஞ்சம் படுத்தெழும்பித் தூண்டிலை இழுப்பேன் என்றான். எல்லாம் நொஸ்கில். நடுவில் ஒரு சொல் மட்டும் வேறு. 'இங்கே சோளகம்' என்றான். ஸ்வெர்ரே என்ன, என்ன என்று இரண்டுதரம் கேட்டான். தென்மேற்கு, தென்மேற்கு என்று கயித்தான் சிரித்துக்கொண்டு திருத்தினான். கரகரப்பு மூடிக்கொண்டது. அந்தச் சொல் குசினியில் நின்றது. இந்தக் கரை முழுக்க, ரஷ்யா எல்லை வரைக்கும், எத்தனை வள்ளம், எத்தனை பெட்டி திறந்து கிடக்கிறது. அத்தனை காதுக்குள்ளும் போன அந்தச் சொல் ஒரே ஒரு காதில்தான் இறங்கினது. சோளகம். ஊரில் தென்மேற்கிலிருந்து, தரையிலிருந்து வருகிற காற்று. சோளகம் என்று ஒருத்தன் நினைத்துவிட்டானென்றால் அடுத்ததாக என்ன செய்வான் என்பது மனுவேற்பிள்ளைக்குத் தன் கையைப் போலத் தெரியும். தரையோடு ஒட்டுவான். சோளகத்துக்குத் தரை தாய்மடி, இதை ஐயா சொன்னார், ஐயாவுக்கு அவருடைய ஐயா சொன்னார், மயிலிட்டியில் அது உண்மை. அங்கே சோளகம் பிடித்தால் மாதக்கணக்கில் அடிக்கும், வடக்கேயிருந்து வாடை வருகிறதுக்கு முன்னம் மனுசருக்குக் கலியாணம் முடித்துப் பிள்ளை பெற நேரம் இருக்கும். இங்கே ஒரு தேத்தண்ணீர் ஆறுகிறதுக்குள் திரும்பும். திரும்பினால் வடக்கே மறிக்கிறதுக்கு ஒன்றுமில்லை. பனிக்கட்டியில் தொடங்கி வருகிற கடல் முழுக்க அந்தக் கருங்கல் சுவரில்தான் வந்து விழும். தாய்மடி என்று படுத்தவனை அந்தச் சுவரிலேயே அரைத்துவிடும்.

அவனுக்குத் தெரியாதா. தெரியும். இத்தனை வருடம் கடலில் நிற்கிறவன். ஆனால் இவ்வளவு நாளும் குடாவுக்குள்தான் நின்றான், வெளிக்கரையில் இல்லை. ஸ்வெர்ரே சொன்னதைக் கேட்டான்தானே, கேட்டவன் விளங்கிக்கொள்வான். விளங்கியிருந்தால் படுக்கப் போகிறேன் என்று ஏன் சொல்கிறான். அந்த இளஞ்சூடு. அதுதான் ஏமாற்றுகிறது, இங்கே ஒருநாளும் இல்லாத சூடு, அவனும் அதை மூக்கால் இழுத்திருப்பான், இழுத்த உடனே உடம்புக்குள் கிடந்த பழைய சொல் எழும்பி வாயால் வந்துவிட்டது. சொல் வந்தால் பின்னாலே புத்தியும் அங்கேதான் போகும். மனுவேற்பிள்ளை போனைத் தூக்கிப் பார்த்தார். படத்தில் சிவப்பு அம்புகள் ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் வடகிழக்கைப் பார்த்து ஓடின. கோட்டுக்கு அந்தப் பக்கம் எல்லாம் தெற்கே முகம் திருப்பி, கோயிலில் சனம் ஒரே நேரத்தில் முழந்தாளிட்டதுபோல. கோடு மேற்கேயிருந்து கரை நெடுக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. எவ்வளவு அழகு. பயத்துக்கு நடுவிலும் அவருக்கு அது தோன்றியது, தோன்றியதுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலிலும் அப்படித்தான். ஊர் முழுக்கக் கோயிலுக்குள் அடைந்து கிடந்தது, ஓடு ஒவ்வொன்றாக எழும்பிப் பறந்தது, பறந்த ஓட்டைக்குள்ளால் வானத்தைப் பார்த்து எட்டு வயது மனுவேல் வாயைத் திறந்தபடி இருந்தான், பயப்பட மறந்துபோய். அம்மா தன் சீலையைக் கிழித்து இரண்டு பிள்ளையையும் வயிற்றோடு வயிறு சேர்த்து ஒரே கட்டாகத் தூணில் கட்டினாள். ஏனம்மா ஒண்டாய்க் கட்டுறாய் என்று ஆரோ பெண்டு அழுதுகொண்டு கேட்டாள். போனாலும் ஒண்டாய்ப் போகட்டும், தேட வசதி என்றாள் அம்மா. கயித்தான் நாலு வயது. விடிய விடிய இவனுடைய வயிற்றில் மூத்திரம் பெய்தான். அந்தச் சூடு.

வெங்காயத்தை விட்டுவிட்டு றெஜினா கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவளும் கேட்டிருக்கிறாள். எல்லா நாளும் கேட்கிறவள்தானே. அவள் கயித்தானுடைய போனுக்கு எடுத்தாள், மணி போகவில்லை, மலைக்கு அடியில் போன் வேலை செய்யாது. தெலீசியாவுக்கு எடுத்தாள். பெண்டுகளுக்குள் பேச்சு நிற்கவேயில்லை என்பது மனுவேற்பிள்ளைக்குத் தெரியும், தெரியாததுபோல இருக்கிற ஏற்பாடு. எந்த இடம் என்று தெரியுமா என்று றெஜினா கேட்டாள். தெலீசியாவுக்குத் தெரியாது. கடலுக்கு வெளிக்கிடுகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது, கேட்டால் விக்கினம். காலையில் தூரவோ என்று மட்டும் கேட்டாளாம், தூரந்தான் என்றானாம், அவ்வளவுதான். வள்ளம் நிற்கிற இடத்தைக் காட்டுகிற கருவியையும் தன் மீன் இடம் மற்றவனுக்குத் தெரியக்கூடாதென்று நிற்பாட்டி வைத்திருப்பான். தெலீசியா போனில் விசும்பத் தொடங்கினது குசினி வரைக்கும் கேட்டது. புயல் வலுவிழந்துவிட்டதாம் அக்கா, செய்தியில் சொன்னார்களாம் அக்கா என்றாள். றெஜினா ஓம் ஓம் என்றாள். போனை வைத்துவிட்டு அவள் மனுவேற்பிள்ளையைப் பார்க்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் மேலே பார்த்தாள்.

"ஒருக்கா எடுங்கோவன்," என்றாள்.

எடுங்கோவன். என்ன லேசாகச் சொல்கிறாள். அவன் எடுத்தானா? நெஞ்சுக்குள் கம்பி வைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவன் வந்தானா? வந்தான் என்று றெஜினா சொல்வாள், வாசல் மட்டும் வந்து தாதியிடம் கேட்டுவிட்டுப் போனான் என்று. வாசல் மட்டும் வருவது வந்த கணக்கா? ஒன்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவன் இன்றைக்குத் திறந்தால், தம்பி என்ன நினைப்பான், அண்ணன் இவ்வளவு காலமும் பெட்டிக்குள் காதை வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறான் என்றெல்லோ நினைப்பான். ஒளிந்திருந்து கேட்டவன். அந்த வெட்கம் அவருடைய காதைச் சுட்டது. ஸ்வெர்ரே திரும்பவும் கூப்பிட்டுச் சொல்லட்டும், நொஸ்க் காற்றை நொஸ்க்காரன்தான் சொல்லவேணும். ஸ்வெர்ரே துறைமுகத்துக்குள் போயிருப்பான், மலைக்கு அந்தப் பக்கம். கரையோரப் பாதுகாப்பு நிலையத்துக்குச் சொன்னால்? எங்கே என்று கேட்பார்கள். தூரந்தான் என்றா சொல்வது. அவர்கள் கூப்பிட்டுக் காற்று மாறுகிறது என்று சொன்னாலும் அவன் சரி சரி என்பான், நன்றி என்பான், தரையோடே கிடப்பான். காற்று மாறும் என்று தெரிவது வேறு, தரை தாயில்லை என்று தெரிவது வேறு. இரண்டாவதைச் சொல்ல ஐயாவின் வள்ளத்தில் இருந்தவன்தான் வேணும், கயித்தானை விட்டால் அதில் மிச்சம் ஒரே ஒரு ஆள், அந்த ஆள் இங்கே கதிரையின் விளிம்பில் இருக்கிறான். கயித்தான் திறமான ஆள், ஒன்றும் நடக்காது. நடந்தால். நடந்தால் பிறகு கோபிக்கிறதுக்கு ஆர். இந்த நினைப்பு வந்த இடத்தில் மனுவேற்பிள்ளை அப்படியே நின்றுபோனார். கோபம் என்றால் மற்றப் பக்கத்தில் ஒரு ஆள் வேணும். ஆளில்லாத கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது. அப்போதுதான் வீடு அமைதியாக இருப்பதைக் கவனித்தார். ஏதோ ஒன்று நின்றுவிட்டது. என்ன நின்றது. கூரைச் சொட்டு. யன்னலுக்கு வெளியே தண்ணீர் வடிகிற பீலியின் நுனியில் ஒரு துளி விழாமல் தொங்கியது, விழ மறந்ததுபோல, அவர் பார்த்துக்கொண்டிருக்கவே அதன் விளிம்பு உறைந்து வெளுத்தது.

அவர் எழும்பின வேகத்தில் தேத்தண்ணீர் கவிழ்ந்தது. றேடியோப் பெட்டியின் பேசுகிற கைபிடியை எடுத்து வாயருகே கொண்டுபோனார். பொத்தானை அமத்தினார். அமத்தின பிறகுதான் தெரிந்தது, கடலில் ஆளை ஆள் பெயரால் கூப்பிடுவதில்லை. வள்ளத்தின் பெயரைத்தான் சொல்லவேண்டும். மூன்று தரம். கயித்தான் என்று கத்தினால் கடலில் நிற்கிறவன் போன் என்று நினைத்துச் சட்டைப்பையைத் தடவுவான். வள்ளத்தின் பெயருக்குத்தான் நித்திரையிலும் எழும்புவான். றெஜினா வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றாள், அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

"அன்னா," என்றார் மனுவேற்பிள்ளை. "அன்னா. அன்னா."

கரகரப்பு. ஒன்றுமில்லை. இன்னும் மூன்று தரம் அந்த மாமியார் மனுசியின் பெயரைச் சொன்னார், இந்தமுறை உரத்து, கரை முழுக்கக் கேட்கட்டும் என்று. நித்திரைக் குரலில் ஒருத்தன் நொஸ்கில் ஆரது என்றான்.

"கொண்ணன்."

அந்தப் பக்கம் வள்ளத்தின் பலகை கிறீச்சிடுவது கேட்டது. பிறகு, "அண்ணை?" என்று மெல்லமாக.

"அது சோளகமில்லையடா. தரையை விட்டு வெளிக்கிடு. வடக்கே முகத்தை வைச்சு ஓடு, நல்லா வெளியாலை போ."

இங்கே குளம்போலக் கிடக்கிறது என்றான் கயித்தான். குளம்போலத்தான் கிடக்கும் என்றார் இவர். தூண்டில் கிடக்கிறது, பாதிக்கு மேலே இன்னும் இழுக்கவில்லை என்றான். வெட்டிவிட்டு வா என்றார். புதுத் தூண்டில் அண்ணை, துறைமுகத்துக்குள் ஓடிவிட்டால் போதாதா என்றான். வாய் வடக்கே திறந்த துறைமுகத்துக்கு வாடையோடு போட்டியிட்டு ஓடப்போகிறாயா என்று கேட்டார். ஐயாவின் பேச்சை இரண்டு பேருமாகக் கேட்டோம், நீ முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு கிடக்கிறாய், வாடைக்குத் தரை எமன் என்றும் சொன்னவர் அவர்தான் என்றார். மூச்சு இரைத்தது. டொக்டர் தட்டிப் பார்த்த இடத்தில் ஆரோ விரலால் திரும்பத் தட்டினார்கள்.

"வெட்டடா, கயித்தான்."

இயந்திரம் இருமி உயிர் பிடிப்பது பெட்டிக்குள்ளால் கேட்டது. அதே நேரம் வெளியே வெளிச்சம் மாறியது. மேற்கே முகில் ஒரே நேர்கோட்டில் முடிந்தது, கத்தியால் கேக் வெட்டினதுபோல, அதற்குக் கீழே வானம் பச்சை. அப்படியொரு பச்சையை அவர் மீனின் பித்தப்பையில்தான் கண்டிருக்கிறார். அந்த விளிம்பு தலைக்கு மேலால் போனது. வீடு ஒருதரம் மூச்சை உள்ளே இழுத்தது. யன்னல் கண்ணாடி உள்ளுக்கு வளைந்ததுபோல இருந்தது, பிறகு வந்தது, வடக்கிலிருந்து, காற்று என்று சொல்ல முடியாத ஒன்று, உடம்பும் எடையும் உள்ள ஒன்று, மேசை விரிப்பு தன்பாட்டில் எழும்பி நின்றது. எண்ணெய்போலக் கிடந்த கடலின் தோல் நெடுகச் சிலிர்த்தது, கறுத்தது, தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு எழும்பி அது கிட்ட வரவரக் கோடில்லை, மதில். அலைதாங்கிக்கு மேலால் முதல் அலை ஏறினபோது சத்தம் கேட்கவில்லை. ஒரு கணம் கழித்து நிலத்துக்குள்ளால் காலில் கேட்டது. கண்ணும் பெயரும் போன, செய்தியில் ஒரு பெட்டை சிரித்துக்கொண்டு அனுப்பிவைத்த மிச்சம் இது. மிச்சமே இதுவென்றால். மனுவேற்பிள்ளைக்குத் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றவேண்டும்போல இருந்தது, தலையில் தொப்பி இல்லை. வாய்விட்டுக் கதைத்துக்கொண்டிருந்தார் என்பது அவருக்கே தெரியாது. முகத்தைக் கடலுக்குக் குடு, பக்கத்தைக் குடாதே, பயப்படாதே, ஏறும்போது குறை, இறங்கும்போது குடு, நான் நிக்கிறன், இஞ்சைதான் நிக்கிறன், உன்ரை வெள்ளை வள்ளமும் அவளின்ரை பேரும், நல்ல பேர்தான், நல்ல மனுசிதான் அவள், எனக்கு ஒருக்கா நண்டுக் கறி வைச்சுத் தந்தவள், கேக்குதோ, நீ வாசல் மட்டும் வந்திட்டுப் போனனியாம், உள்ளுக்கு வந்தால் நான் என்ன கடிச்சா போடுவன், கேக்குதோ கயித்தான், கதையடா, கதை.

பெட்டி கதைக்கவில்லை. ஒரு கரகரப்புக்கூட இல்லை. இவ்வளவு சத்தத்துக்கு நடுவில் அந்தப் பெட்டி மட்டும் கல்லறைபோல மூடிக்கிடந்தது. ஒன்பது வருடத்தில் அது இப்படிக் கிடந்ததேயில்லை. ஆருமில்லாத நேரத்திலும் ஒரு இரைச்சல் இருக்கும், ஆறு ஓடுவதுபோல. போய்விட்டான். வெளியே போகச் சொன்னது நான். சுவரோடு கிடந்திருந்தால் ஒருவேளை, துறைமுகத்துக்கு ஓடியிருந்தால் ஒருவேளை, நான் வாயைத் திறந்து அவனை அந்த மதிலுக்குள் அனுப்பினேன். அலைதாங்கியின் விளக்கு ஒரு அலைக்குள் போய் மூழ்கி எழும்பினது, திரும்ப மூழ்கினது, அவர் அது எழும்பும்வரை மூச்சை விடாமல் நின்றார். கைபிடியை இறுக்கி இறுக்கி விரல் மொளி வெளுத்துவிட்டது. கதை என்றார் திரும்பவும்.

றெஜினா பக்கத்தில் வந்தாள். எவ்வளவு நேரமாகப் பக்கத்தில் நின்றாள் என்று தெரியவில்லை. அவருடைய கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"கையை எடுங்கோ," என்றாள். "அமத்தி வைச்சுக்கொண்டு நிண்டால் அவன் கதைக்கிறது என்னெண்டு கேக்கும்?"

அவருக்கு விளங்கவில்லை. கேட்கிறதை மட்டும் பழகின மனுசன். அவள் தன் வெங்காயக் கையால் அவருடைய பெருவிரலைப் பிடித்து மெல்லப் பொத்தானிலிருந்து உயர்த்தினாள். உடனே பெட்டி நிறைந்தது. இரைச்சல், இயந்திரம், தண்ணீர் இரும்பில் மோதுகிற சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குரல், பாதி வசனத்தில்.

"...எத்தினை தரமண்ணை சொல்லுறது, வெளியாலை வந்திட்டன், நல்லா வெளியாலை நிக்கிறன். மற்ற வள்ளக்காரர் முழுப்பேரும் உங்கடை கதையைக் கேட்டுக்கொண்டிருக்கினம், நண்டுக் கறிக் கதையும். அண்ணை. கேக்குதோ. திரும்பவும் கோவமோ?"

பின்னால் ஒரு அலை ஏறி இறங்கினது. பிறகு கயித்தான் வேறு குரலில், தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னான். அண்ணை, இந்தக் கடலை ஒருக்காப் பார்க்கவேணும் நீங்கள், மலை மலையாய் வருகுது, ஒவ்வொண்டுக்குள்ளாலும் வெளிச்சம் தெரியுது, பச்சையாய், எனக்குப் பயமும் வரமாட்டன் எண்டுது.

மனுவேற்பிள்ளை கதிரையை இழுத்துப் பெட்டிக்குக் கிட்டப் போட்டு இருந்தார். பொத்தானை அமத்தினார்.

"சொல்லு," என்றார். சொல்லிவிட்டு உடனே கையை எடுத்தார்.